பொத்தேரியிலிருந்து கப்பலுக்கு

பொத்தேரி ரயில் நிலையத்துக்குச் சக்கரம் வைத்த பெட்டிகள் புதிதல்ல. இறங்கினால் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம். செமஸ்டர் முடிகிற நாட்களில் நடைமேடை முழுக்கப் பெட்டிகள் உருளும். தெலுங்கும் இந்தியும் மலையாளமும் கலந்து காதில் விழும். அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெட்டியோடு தனித்தனியாக நிற்பார்கள். 2023 ஜூன் 5, திங்கட்கிழமை காலை, கடற்கரை வண்டிக்காக நான் நின்ற இடத்தருகே வந்து சேர்ந்த பெட்டிகள் வேறு மாதிரி. பெரியது இரண்டு, சின்னது ஒன்று. மூன்றின் கைப்பிடியிலும் பழைய சிவப்புச் சேலையின் கரையைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தது. அவற்றுக்கு நடுவில் ஓர் ஒயர் கூடை. வாய் நிறையத் துண்டு போட்டு மூடியிருந்தாலும் புளியோதரை வாசனை அதை மீறி வந்துகொண்டிருந்தது.

ஆறு பேர். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க பையன், ஆறு வயது போலத் தெரிந்த பெண் குழந்தை. மகனின் தோளில் மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றின் பெயர் போட்ட பை. அதன் ஜிப்பை அவர் திறப்பதும், உள்ளே விரலால் எண்ணுவதும், மூடுவதுமாக இருந்தார். எண்ணியது பாஸ்போர்ட்டுகளை. பளபளவென்ற ஆறு நீல அட்டைகள். ஒன்றிலும் முத்திரை விழுந்திருக்காது என்று பார்த்த மாத்திரத்தில் தோன்றியது.

“கால் டாக்ஸி சொல்லியிருக்கலாம் மாமா” என்றார் மருமகள்.

“ஜி.எஸ்.டி. ரோட்ட நம்பி ஏறக்கூடாதும்மா. பெருங்களத்தூர்ல மாட்டிக்கிட்டா கப்பல் நமக்காக நிக்குமா? ரயில்னா கணக்கு இருக்கு” என்றார் தாத்தா. குரலில் பழைய ரயில்வேக்காரர் இருந்தார். வண்டி வரும் திசையைப் பார்க்காமலே, தண்டவாளத்தின் சத்தத்தை வைத்து “வருது, எல்லாரும் பின்னால நில்லுங்க” என்று சொன்னதில் அது உறுதியானது.

அன்றைக்குத்தான் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு முதல் உல்லாசக் கப்பல் புறப்படுகிறது. கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’. முந்தைய ஆண்டு இதே ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்து விசாகப்பட்டினம் பக்கம் போய்வந்த அதே கப்பல், இந்த முறை வெளிநாட்டுக்கு. இதற்கென 17.21 கோடி ரூபாயில் பயணியர் முனையம் தயாராகி, ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைக்க வருகிறார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களைச் சொல்லியிருந்தார்கள். செய்தியில் படித்தபோது இதில் யார் போவார்கள் என்று நினைத்ததுண்டு. ஒயர் கூடையோடு, மின்சார ரயிலில், பொத்தேரியிலிருந்து போவார்கள் என்று நினைத்ததில்லை.

வண்டியில் இடம் கிடைத்தது. எதிரெதிர் இருக்கைகளில் அவர்கள் அமர, ஜன்னலோரத்தில் நான். பாட்டி உட்கார்ந்ததும் முதல் வேலையாக எல்லாத் தலைகளையும் ஒருமுறை பார்வையால் தொட்டார். பிறகு மருமகளிடம் மெதுவாக, “காசு முடிஞ்சு வச்சியா?” என்றார். “சாமி மாடத்துல மஞ்சத்துணில முடிஞ்சு வச்சுட்டுத்தான் அத்தை பூட்டினேன்.” “எத்தன?” “ஆளுக்கொண்ணு.” பாட்டியின் முகம் தெளிந்தது. குலதெய்வத்துக்கு ஆறு காசு வீட்டில் காத்திருக்கிறது. ஆறு பேரும் திரும்பி வந்து அவிழ்க்க வேண்டும்.

கூடுவாஞ்சேரி தாண்டுவதற்குள் பேச்சு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அந்த ஆண்டு வெயில் தணியாமல் ஜூன் 1-இல் திறக்க வேண்டிய பள்ளிகளை 7-ஆம் தேதிக்குத் தள்ளியிருந்தார்கள். கப்பல் திரும்புவதற்குள் பள்ளி திறந்துவிடும் என்ற கவலை தாய்க்கு. லீவு லெட்டர் யார் பெயரில் எழுதுவது, என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பையன் ‘காய்ச்சல்’ என்று எடுத்துக் கொடுத்தான். “கடல்ல போறப்போ அந்த வார்த்தையச் சொல்லாத” என்று பாட்டி அவன் வாயைப் பொத்தினார். அந்தக் கவலைக்கே அவசியமில்லாமல் போயிற்று: அன்றைக்கே பள்ளித் திறப்பை 12-க்கும் 14-க்கும் தள்ளிவைத்து அறிவிப்பு வந்தது. அதைக் கேட்டபோது அவர்கள் கப்பலில் இருந்திருப்பார்கள். அந்தத் தாய்க்காக எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

பையனிடம் கப்பலைப் பற்றிய தகவல் ஏராளம். கைபேசியைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தான். 1990-இல் பிரான்ஸ் நாட்டு சேன் நாசேரில் கட்டியது. முதல் பெயர் ‘நார்டிக் எம்ப்ரஸ்’. ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு, அமெரிக்கப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. 2020 கடைசியில் கைமாறி, அடுத்த ஆண்டு இந்தியாவில் ஓடத் தொடங்கியது. பதினோரு தளம்.

“அப்போ பழைய கப்பலா?” பாட்டி நிமிர்ந்தார்.

“முப்பத்துமூணு வயசு பாட்டி.”

“நம்ம கல்யாணத்துக்கு ரொம்பப் பின்னால கட்டினதுதான்” என்றார் தாத்தா. பாட்டி அதை யோசித்துப் பார்த்து, சரி என்று தலையசைத்தார்.

“நீளம் என்ன போட்டிருக்கு?” தாத்தா கேட்டார்.

“211 மீட்டர்.”

“அடியில சொல்லு.”

“692.”

“இந்த வண்டியில ஒரு பெட்டி 70 அடி. பன்னெண்டு பெட்டி. பெருக்கு.”

பையன் உதடு அசையப் பெருக்கினான். “840! தாத்தா, நம்ம ட்ரெயின்தான் பெரிசு!”

பெட்டியில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்றாடம் ஏறி இறங்குகிற வண்டியை இப்படி ஒரு கப்பலோடு நிறுத்தி யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை. தினமும் அதில் நின்றுகொண்டே போகிறவர்களுக்கு அந்தக் காலை சின்னதாக ஒரு பெருமை கிடைத்தது என்றே சொல்வேன். தாத்தா மட்டும் நியாயமாக, “ஆனா உசரத்துலயும் அகலத்துலயும் அது நம்மள ஜெயிச்சிடும்” என்று சேர்த்துக்கொண்டார்.

வண்டலூரில் ஏறிய ஒருவர் எதிரில் நின்றபடி செய்தித்தாளை விரித்தார். முதல் பக்கம் முழுக்க நொறுங்கிக் கிடந்த பெட்டிகள். மூன்று நாள் முன்னால், ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பாஹாநாகா அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு வண்டியில் மோதியிருந்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த வண்டி. அந்த வாரம் புறநகர் ரயில்களில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அவர்கள் குடும்பப் பேச்சும் அங்கே நின்றது. மருமகள் மெல்லப் பெண் குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தாத்தா அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். பெட்டிகள் எப்படிப் புரண்டிருக்கின்றன என்பது அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். “யாரு பெத்த புள்ளைங்களோ” என்றார் பாட்டி. செய்தித்தாள்காரர் என்ன நினைத்தாரோ, தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

தாம்பரத்தில் கூட்டம் அப்பியது. பெட்டிகளைக் காலுக்கு நடுவில் இழுத்துக்கொண்டார்கள். சானடோரியம் வந்ததும் பாட்டி ஒயர் கூடையைத் திறந்தார். மருமகள் தயக்கமாக, “அத்தை, வெளிச் சாப்பாட்ட உள்ள விடமாட்டாங்களாம். கப்பல்ல நாலு வேளையும் அவங்களே குடுப்பாங்க” என்றார். இது முன்பே வீட்டில் நடந்த வாதம் என்று தெரிந்தது. பாட்டி பதில் சொல்லவில்லை. எவர்சில்வர் சம்படத்தைத் திறந்து, மந்தார இலைத் துண்டுகளில் புளியோதரையை உருண்டையாக வைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க ஆரம்பித்தார். கொண்டுபோக முடியாதென்றால் இங்கேயே தீர்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தார். முறுக்கு டப்பா சுற்றியது. எனக்கும் நீட்டினார். ஒன்று எடுத்துக்கொண்டு தலை தாழ்த்தினேன். பேரைக் கேட்கவில்லை, எங்கே போகிறாய் என்றும் கேட்கவில்லை. முறுக்கைக் கடிக்கிறேனா என்று மட்டும் பார்த்தார்.

கூடையின் அடியில் இன்னும் என்னென்னவோ இருந்தன. இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம். எலுமிச்சம்பழம் நாலு. அவோமின் மாத்திரை அட்டை. ஒரு விபூதிப் பை. குமட்டினால் முகர, மயங்கினால் நெற்றியில் இட என்று தெரியாத கடலுக்குத் தெரிந்த மருந்துகள். பையன், “ஏறினதும் லைஃப் ஜாக்கெட் எப்படிப் போடறதுன்னு சொல்லித் தருவாங்க பாட்டி, எல்லாரும் போய் நிக்கணும், கட்டாயம்” என்றான். “எனக்கும் உண்டா?” “உனக்கும்தான்.” “சேல மேலயா?” அவனுக்குத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தான். அவருக்கும் தெரியவில்லை. பாட்டியே, “சேல மேலதான் போடணும், வேற எப்படி” என்று தீர்த்துவைத்தார்.

திரிசூலத்தில் ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கியது. பெண் குழந்தை எழுந்து நின்று பார்த்துவிட்டு, “நாம ஏன்ப்பா ஃப்ளைட்ல போகல?” என்றது. கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அப்பா, “அதுல பாட்டியால கால நீட்ட முடியாதே கண்ணு” என்றார். பாட்டியின் முழங்கால்களில் பட்டை கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை ஏற்பாட்டுக்கும் மையம் அந்த முழங்கால்கள் என்று தோன்றியது. ஊர் ஊராக வண்டி மாற்றி, ஓட்டல் மாற்றி, படி ஏறி இறங்கும் சுற்றுலாவுக்கு அவரை அழைத்துப் போக முடியாது. விட்டுவிட்டுப் போகவும் இவர்களுக்கு மனமில்லை. அறையோடு சேர்ந்து ஊர்களுக்கு நகரும் ஒரு பயணத்தை அந்த மகன் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் முகத்தை அதன் பிறகு வேறு மாதிரிப் பார்த்தேன்.

மருமகளின் கைபேசி ஒலித்தது. மறுமுனையில் அவருடைய அம்மா. “இல்லம்மா, இப்ப அங்க ஒண்ணும் இல்ல… அது போன வருஷம்… பெட்ரோல் க்யூ எல்லாம் போன வருஷம்மா.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “மாத்திரையெல்லாம் இங்கேருந்தே எடுத்துக்கிட்டோம்.” வைத்த பிறகு கணவரிடம் தாழ்ந்த குரலில், “நெஜமாவே ஒண்ணும் இல்லல்ல?” என்றார். 2022-இல் இலங்கை பட்ட பாட்டை இங்கே எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றதை மறக்க முடியாது. அதற்கும் முன்னால் நடந்தவற்றை எப்படி மறப்பது? பக்கத்துக் கரை என்றாலும், இந்த வயதுக்காரர்களுக்கு அது போரின் பெயரால் மட்டுமே தெரிந்த ஊர். அந்தக் கேள்வியில் இருந்த பயத்தில் நியாயம் இருந்தது.

“அங்க தமிழ் பேசுவாங்களா?” பையன் கேட்டான்.

“அம்பாந்தோட்டையில சிங்களம். திருகோணமலைல தமிழ் பேசுவாங்க. கோணேஸ்வரர் கோயில் மலை உச்சியில, கீழ கடல்” என்றார் அப்பா.

“சம்பந்தர் பாடின தலம்” என்றார் பாட்டி. பிறகு, “படி நெறையவா?” என்று முழங்காலைத் தொட்டுக்கொண்டார்.

தாத்தா ஜன்னல் வழியே கிண்டியைப் பார்த்துக்கொண்டு பேரனிடம் சொல்ல ஆரம்பித்தார். கொழும்புக்கு எழும்பூரிலேயே டிக்கெட் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. போட் மெயில். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கே கப்பலேறினால் அந்தப் பக்கம் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். “எந்த வழியா போச்சு தெரியுமா? நாம காலைல நின்னோமே பொத்தேரி, அது வழியாத்தான். தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம்னு.” 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ‘இராமானுஜம்’ கப்பல் கொஞ்ச காலம் ஓடியது. எண்பதுகளில் அதுவும் நின்றுபோனது. “எங்கப்பாரு அந்த வண்டிக்குத் தண்ணி புடிச்சிருக்காரு. ஏறிப் போனதில்ல.” அவர் சொல்லும்போது வருத்தம் எதுவும் தெரியவில்லை, ஒரு வேலைக் குறிப்பைச் சொல்வதுபோல் சொன்னார். ஆனால் பையன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டான்.

அப்போது பாட்டி பேசினார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

“எங்கப்பா ரஜூலாவுல போனாரு. நாகப்பட்டினத்துலேருந்து.”

தாத்தாவுக்குத் தெரிந்த கதைதான் போலும், அவர் அசையவில்லை. மற்றவர்கள் திரும்பினார்கள்.

“கப்பல் கரைக்கு வராது. தூரத்துல கடல்லயே நிக்கும். ஜனங்கள படகுல ஏத்திக் கொண்டுபோவாங்க. அம்மா, நான், தம்பி மூணு பேரும் மணல்ல நின்னோம். படகு போறது தெரிஞ்சுது. அப்புறம் எது அப்பான்னு தெரியல.”

“எங்க போனாரு பாட்டி?”

“பெனாங்கு. கடையில கணக்குப்புள்ள.”

“அப்புறம் வந்தாரா?”

“ரெண்டு தடவ வந்தாரு. அப்புறம் அங்கயே.”

அங்கேயே என்றால் என்ன என்று பையன் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல். சென்னையிலும் நாகையிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை போய்வந்தது. தஞ்சை, ராமநாதபுரம் சீமைகளில் ஒரு தலைமுறைக்கே அதன் பெயர் தெரியும். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் போனார்கள். அதற்குப் பிறகு வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. அந்தக் கப்பல்களில் குடும்பமாக ஏறியவர்கள் குறைவு. பெரும்பாலும் வீட்டில் ஒருவர் போவார். மற்றவர்கள் மணலில் நிற்பார்கள். தோட்டங்களுக்குப் போனவர்களுக்கும் பர்மாவுக்குப் போனவர்களுக்கும் அதே கதை. நம் வீடுகளில் கடற்பயணம் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது இந்தப் பாதி நிற்பதும் பாதி போவதும்தான். மூன்று தலைமுறையும் பெட்டி கட்டி, வீட்டைப் பூட்டி, ஆளுக்கொரு காசு முடிந்து வைத்துவிட்டு ஒன்றாகக் கப்பலேறப் போவதை என் கண்ணால் பார்ப்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாகப் பட்டது என்பதை அந்தப் பெட்டியில் இருந்த ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. சம்பாதிக்க அல்ல, பிழைக்க அல்ல, ஓடி ஒளிய அல்ல. சும்மா பார்த்துவிட்டு வர.

மாம்பலத்தில் கூட்டம் பாதி இறங்கியது. எழும்பூரில் தாத்தா எழுந்து நின்று, செங்கல் நிறக் கட்டடத்தைப் பேரனுக்குக் காட்டினார். பூங்காவும் கோட்டையும் போன பிறகு வலது கைப்பக்கம், கட்டடங்களுக்கு மேலே துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரிந்தது. “அதுதானா?” என்று பெண் குழந்தை கேட்க, “அது கிரேன்” என்று பையன் சொல்ல, மருமகள் அவசரமாக எல்லோர் முகத்தையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டார். புளியோதரை எண்ணெய் உதட்டில் இருந்தால் கப்பலில் என்ன நினைப்பார்கள்! சம்படம் காலி. மிச்சம் இருந்த முறுக்கைப் பாட்டி எதிரில் நின்ற கல்லூரிப் பெண்ணின் கையில் வைத்து அழுத்தினார்.

கடற்கரை நிலையத்தில் அவர்கள் இறங்க நேரம் பிடித்தது. முதலில் பெட்டிகள், பிறகு பிள்ளைகள், கடைசியில் மகன் ஒரு கையும் பேரன் ஒரு கையும் பிடிக்கப் பாட்டி. நான் பின்னாலேயே இறங்கினேன். பாரிமுனைக்குப் போக வேண்டியவன், அவர்கள் வேகத்துக்கே நடந்தேன். நிலையத்துக்கு வெளியே ராஜாஜி சாலை, ஓரத்தில் பர்மா பஜார். அறுபதுகளில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதே துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுக்காக 1969-இல் ஏற்பட்ட கடைகள். அங்கே ஒரு கடையில் பையனுக்குக் குளிர்க்கண்ணாடி ஒன்று வாங்கினார்கள். அவன் உடனே மாட்டிக்கொண்டான்.

துறைமுகம் சாலைக்கு அந்தப் பக்கம்தான். ஆனாலும் பெட்டிகளோடும் அந்த முழங்கால்களோடும் முனையம் வரை நடக்க முடியாது. ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார். பெட்டிகளையும் ஆட்களையும் கண்ணால் அளந்துவிட்டு, “ரெண்டு வண்டி ஆவும் சார். பெரியவங்க, பாப்பா, அம்மா எல்லாம் முன்னாடி போவட்டும். நீங்க லக்கேஜோட பின்னாடி வாங்க” என்றார். சரியான யோசனைதான். மகன் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போனார்.

“வேணாம்” என்றார் பாட்டி.

“அஞ்சு நிமிஷம்தாம்மா. கேட்டுல நான் வந்து சேர்ந்துடுவேன்.”

“வேணாம்ப்பா. எல்லாரும் ஒரே வண்டியிலயே போவோம்.”

மகன் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாத்தா அவர் தோளில் கை வைத்தார். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். ஆட்டோ போனது. அடுத்து வந்ததும் போனது. வெயில் ஏறியது, மருமகள் குடை விரித்துப் பாட்டிக்கு மேல் பிடித்தார். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் பஜாரின் நிழலில் நின்றேன். கடைசியில் ஆள் ஏற்றும் பெரிய ஷேர் ஆட்டோ ஒன்று காலியாக வந்தது. தாத்தா நடுச்சாலை வரை போய்க் கையை நீட்டி நிறுத்தினார். பேரம் பேசவில்லை. பெட்டிகளைக் குறுக்கே அடுக்கி, அவற்றின் மேல் பிள்ளைகளை உட்கார வைத்து, பாட்டியை ஓரத்தில் கால் நீட்டும்படி அமர்த்தினார்கள்.

அறிவித்த மூன்று துறைமுகங்களில் காங்கேசன்துறைக்கு அந்தக் கப்பல் முதன்முதலில் போய்ச் சேர்ந்தது ஜூன் 16 அன்று. ஆகவே அந்த முதல் பயணத்தில் இவர்களுக்கு அது வாய்த்திருக்காது. கோணேஸ்வரத்தின் படிகளைப் பாட்டி ஏறினாரா, சேலை மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டி நின்றபோது என்ன சொன்னார் என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டும் தெரிந்தவை. நான் கடைசியாகப் பார்த்தது, வண்டி கிளம்பும்போது மகன் தோள்பையின் ஜிப்பைத் திறந்து நீல அட்டைகளை மறுபடி எண்ணியதும், அவர் எண்ணி முடிப்பதற்குள் பாட்டி வண்டிக்குள் இருந்த தலைகளை எண்ணி முடித்து, “போலாம்ப்பா” என்று ஓட்டுநரிடம் சொன்னதும்.